பலாச்சுளை உருண்டை ஏன் நின்றது

சரசு,

உன் கடிதம் வந்து பதினொரு நாள் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. தோட்டத்து லய வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உன் அம்மா ஒன்றும் கேட்பதில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். உடம்பைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

பொல்பிட்டியாவில் பலாப்பழம் சீரழிகிறது, மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டான், காலையில் அடுப்பு மூட்டினால் என்னைப் போலவே அவனுக்கும் இழுப்பு வருகிறது, நீங்கள் எனக்குச் செய்து தந்த பழ உருண்டையை எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, பலாச்சுளை போட்ட உருண்டை எனக்கு ஒரு மாதம்தான் கிடைத்தது, அதை ஏன் நிறுத்தினீர்கள் அப்பா என்று. அந்த வரியைத் தாண்ட முடியாமல்தான் இத்தனை நாளும் கிடந்தேன்.

செய்முறையை முதலில் எழுதிவிடுகிறேன். பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது. நன்றாகப் பழுத்த, ஆனால் குழையாத வருக்கன் சுளையாக எடு. கொட்டையை நீக்கிவிட்டு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுளகில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பு. ஈ மொய்க்காமல் மெல்லிய துணி கட்டி மூன்று நாள் வெயிலில் வை. உங்கள் பக்கம் வெயில் இருக்கிறது, அது பெரிய பாக்கியம். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடு, பனி பட்டால் பூசணம் பிடிக்கும். பிய்த்தால் தோல் மாதிரி வர வேண்டும், விரலில் சாறு ஒட்டக் கூடாது. வாழைப்பழத்தையும் நீளவாக்கில் நாலாகக் கீறி இப்படியே காயவைக்கலாம். பிறகு கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், காய்ந்த திராட்சை, கடையில் வறுத்து விற்கிற கச்சான் கடலை, கொஞ்சம் எள், சீவிய கித்துள் கருப்பட்டி எல்லாவற்றையும் உரலில் சேர்த்து இடி. சின்னப் பிள்ளைக்குக் கச்சானை முழுதாகப் போடாதே, தொண்டையில் சிக்கும். தேங்காய் சேர்த்தால் நல்ல ருசிதான், ஆனால் மத்தியானத்துக்குள் ஊசிப்போய்ச் சிக்கடித்துவிடும். நெல்லிக்காய் அளவுக்கு மேல் உருட்டாதே. நான் முதலில் எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி அனுப்பினேன், நீ பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுப் புத்தகமெல்லாம் பிசுக்காக்கிக்கொண்டு வந்தாய். தின்ற பிறகு வாய் கொப்பளிக்கச் சொல். இன்னொன்றும் சொல்கிறேன். டப்பா வெறுமையாகத் திரும்பி வந்தால் பிள்ளை தின்றுவிட்டான் என்று முடிவு செய்யாதே. யாருக்குக் கொடுத்தான் என்று கேள். கேட்டுவிட்டுக் கோபிக்காதே. நான் கோபித்தேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் இல்லை. உன்னை ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீருவேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இழுப்புக்காரப் பிள்ளையைப் போக இரண்டரை மைல் வர இரண்டரை மைல் எப்படி நடக்கவிடுவது என்று உன் அம்மா அழுதாள். அவள் ஆறு மணிக்கு வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் சமைக்கலாம் என்றால் ஈர விறகு ஒரே புகை, நீ எழுந்ததுமே மூச்சுத் திணறுவாய். பிள்ளை இருக்கும்போது அடுப்பு மூட்டாதீர்கள் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா கண்டித்துச் சொல்லிவிட்டார். அதனால் ராத்திரி சுட்ட ரொட்டிதான் உன் டப்பாவில் போனது. அது மத்தியானத்துக்குள் விறைத்துப்போகும். நீ தின்னாமலே திரும்பக் கொண்டுவருவாய். ஒருநாள் பள்ளிக்கூடத்திலேயே மயங்கி விழுந்தாய். அன்றைக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக வரும்போது, பலசரக்குக் கடைக்கார நானா கூப்பிட்டு உன் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டார். அடுப்பே வேண்டாம், இதில் நாலு கொடுத்தனுப்பினால் பிள்ளை தாங்கும் என்றார். உருண்டை அங்கேதான் தொடங்கியது.

உன்னோடு லெட்சுமியும் ஹட்டனுக்கு நடந்து போய் வந்தாள். உனக்கு நினைவிருக்கும். லயத்தில் நம் அறைக்கு அடுத்த காம்பரா மாணிக்கத்தின் மகள். மாணிக்கண்ணனும் நானும் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரின் மேல்மாடியில் ஒன்றாக வேலை செய்தோம். பறித்து வருகிற கொழுந்தைச் சாக்குத்துணித் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற இடம் அது. மழைக்காலத்தில் கீழே இருக்கிற அடுப்பறையிலிருந்து சூட்டுக்காற்றை மேலே இழுத்து விடுவார்கள். வெளியே மாதக்கணக்கில் வெயிலே இல்லாமல் துணி கூடக் காயாத நாளில் அந்த மாடி மட்டும் கதகதவென்று உலர்ந்து கிடக்கும். நீ மயங்கி விழுந்த வாரமே நான் நறுக்கிய வாழைப்பழத்தை ஒரு சுளகில் பரப்பி, கடைசித் தட்டுக்கு அடியில் சுவரோரமாக ஒளித்து வைத்தேன். இரண்டு நாளில் அருமையாகக் காய்ந்தது.

அது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தேயிலை எந்த வாசனையையும் குடித்துவிடும். சுருட்டு, கருவாடு, வெங்காயம், தலைக்கு வைக்கிற வாசனை எண்ணெய், எதையும் மாடிக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா எங்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். வாழைப்பழத்துக்கு அப்படி என்ன வாசனை இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் கன்னத்தில் சதை பிடித்தது. டப்பா வெறுமையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது. கினிகத்தேனையிலிருந்து ஒரு லொறிக்காரர் பலாப்பழம் கொண்டுவந்து தந்தார். நீ பலாச்சுளை என்றால் உயிரை விடுவாய். ஒரு சுளகு போதவில்லை. அடுத்த வீட்டில் இன்னொன்று இரவல் வாங்கினேன். விளிம்பில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த சுளகு. மாணிக்கண்ணன் மனைவி பொன்னம்மா மதினி தைத்தது.

அந்த நாளில்தான் நீ பாதி உருண்டையை லெட்சுமிக்குக் கொடுக்கிறாய் என்று தெரிந்தது. உனக்காகத்தான் செய்கிறேன், ஊருக்கெல்லாம் பங்கு வைக்கவா என்று உன்னைத் திட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். அவர்கள் வீட்டுச் சுளகில் காய்ந்த பழத்தை அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சொன்னவன் நான்.

ஒரு மாதம் போயிருக்கும். எங்கள் ஸ்டோரிலிருந்து போன பெட்டிகளில் பழவாடை வீசுகிறது என்று கொழும்பில் தேயிலை ருசி பார்க்கிறவர்களிடமிருந்து தோட்டத்துப் பெரிய துரைக்குக் கடிதம் வந்தது. டீமேக்கர் ஐயா மாடி முழுவதையும் புரட்டினார். பழம் இருந்த என் சுளகை அன்று காலையிலேதான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். சிவப்புத் துணி வைத்த சுளகு காலியாகத் தட்டுக்கு அடியில் கிடந்தது, முகர்ந்தால் பலா மணம். எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, இது யாருடையது என்று கேட்டார்.

மாணிக்கண்ணன் உடனே, "எங்க வீட்டுச் சொளகுங்க ஐயா" என்றார். அவருக்குப் பொய் வராது.

"நீதான் இங்க வச்சியா?"

"நான் வைக்கலிங்க."

அப்படியென்றால் யார் வைத்தது என்று டீமேக்கர் கேட்டார். மாணிக்கண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நீ சொல்லு என்று எனக்கு இடம் விட்டுக் காத்திருக்கிற பார்வை. நான் பலகைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும், ஹட்டன் பள்ளிக்கூடமும் போகும் என்று மனதுக்குள் ஒன்றொன்றாக ஓடியது. அது ஓடி முடிவதற்குள் அந்த நேரம் போய்விட்டது. அந்த வருடம் தொடக்கத்தில் சாப்பாட்டோடு கருவாடு கொண்டுவந்ததற்காக மாணிக்கண்ணனை ஒரு தடவை எச்சரித்திருந்தார்கள். அதனால் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. வேலையிலிருந்து நிறுத்துகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று பின்னேரமே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, இப்போதே போய் டீமேக்கரிடம் சொல்கிறேன் என்று கிளம்பினாள். நான் வாசலை மறித்து நின்றேன். நமக்கும் சீட்டுக் கிழிப்பார்கள், பிள்ளை படிப்பு நாசமாகும் என்றேன். அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"லெச்சுமி படிப்பு?"

அதற்குப் பிறகு அவள் அந்த உரலைத் தொட்டதே இல்லை. நீ பெரியவளாகும் வரை விடியற்காலையில் எழுந்து பேரீச்சம்பழ உருண்டை பிடித்தது நான் மட்டும்தான். அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். பாசம் இருந்தது, பொய் இல்லை. கூடவே வேறு ஒன்றும் இருந்தது. பலாப்பழம் நம் வீட்டுக்குள் பிறகு வரவே இல்லை.

மாணிக்கண்ணன் குடும்பம் மூட்டை முடிச்சோடு மலைப்பாதையில் இறங்கிப் போனபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். லெட்சுமியை அன்றைக்கு அனுப்பவில்லை. திரும்பி வந்து அவள் எங்கே என்று கேட்டாய். இந்தியாவுக்குப் போய்விட்டார்கள், கப்பலேறிவிட்டார்கள் என்றேன். கடிதம் போடலாமா என்றாய். விலாசம் தெரியாது என்றேன். இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. சரசு, அவர்கள் கப்பலேறவில்லை. மதினியின் தம்பி உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான், அங்கே போனார்கள். தோட்டத்தின் பெயர் இந்தப் பதினாறு வருடமும் எனக்குத் தெரியும். ஹட்டனில் பஸ் ஏறினால் ஒரு பகலில் போய்ச் சேருகிற தூரம்.

உன் கடிதம் வந்த நாலாம் நாள் நான் பஸ் ஏறினேன். உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நுவரெலியாவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எதிர்ப்பக்கம் போய் ஹட்டன் பஸ்ஸின் பக்கத்தில் நின்றேன். எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டேன். மாணிக்கண்ணன் இருக்கிறார். கால் வீங்கி வேலைக்குப் போக முடியாமல் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீங்கின காலைத் தடவிக்கொண்டே கேட்டு முடித்தார்.

"நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன் தம்பி. நீ தொறக்கல. அதுக்கப்புறம் நான் சொல்லியிருந்தா ரெண்டு குடும்பமும் ரோட்டுல நின்னுருக்கும். ஒண்ணு நின்னா போதும்னு விட்டுட்டேன்."

கோபமாகத்தான் சொல்லியிருக்கலாமே என்று எனக்குப் பட்டது. பொன்னம்மா மதினி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. சாப்பிட்டாரா என்று புருஷனிடம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. தட்டையும் அவரிடமே நீட்டினாள். அவள் என்னை மன்னிக்கவில்லை. அவள் செய்தது சரிதான் என்றே நினைக்கிறேன்.

நாலரை மணிக்கு லெட்சுமி மலையிலிருந்து வந்தாள். நனைந்த கம்பளியும் முதுகில் கூடையுமாக வந்தவளைப் பார்த்ததும், அந்தக் காலத்து அவள் அம்மாவே வருவது போலிருந்தது. உன் வயதுதான் அவளுக்கு, சரசு. அங்கே போன மாதமே கொழுந்து பறிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். பதினாறு வயதில் கல்யாணம். ஒரு மகள். அவள் முதலில் கேட்டது உன்னைத்தான். நீ நன்றாக இருக்கிறாயா, எத்தனை பிள்ளை என்று கேட்டுவிட்டு, "ஒரு கடுதாசி கூட போடலியே அவ" என்றாள். பதினாறு வருடமாக உன்மேல் அவளுக்கு அந்தக் குறை இருந்திருக்கிறது. நீ போடாததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். கப்பல் கதையையும் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

வந்து எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, "மன்னிப்பு கேட்டுட்டுப் போகத்தான் வந்தீங்களா சித்தப்பா?" என்றாள். என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன் என்றேன். கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் யோசிக்கக்கூட இல்லை.

"என் மக கமலா மூணாம் வகுப்பு முடிச்சிட்டா. இங்க அதுக்கு மேல இல்ல. உங்க வீட்டுல வச்சு ஹட்டன்ல படிக்க வைங்க."

மாணிக்கண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. சரி என்றேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த மாதம் வந்து கூட்டிப் போகிறேன் என்றேன். மறுநாள் காலையில் நான் பஸ் ரோட்டுக்கு இறங்கினபோது எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன், ஒரு துணி மூட்டை, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய தலையோடு அந்தப் பெண்.

"அடுத்த மாசம்னா நீங்க வர மாட்டீங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அடுத்த மாதம் என்று நான் சொல்லும்போதே என் மனதின் ஒரு மூலை அப்பாடா என்றுதான் இருந்தது. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஏதாவது இருந்தால் இதுதான். செய்த தப்பைச் சொல்ல ஒரு நேரம் தானாக வந்து எதிரே நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளையையோ புருஷனையோ காரணம் காட்டித் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பிள்ளைக்காகத்தான் என்று நான் சொல்லிக்கொண்டது, பாதிக்கு மேல் எனக்காகத்தான் இருந்தது.

பஸ்ஸில் கமலா என் பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நுவரெலியாவில் வாந்தி எடுத்தாள். என் துண்டால் துடைத்துவிட்டேன், கையைத் தட்டிவிட்டாள். வீட்டு வாசலில் அவளைப் பார்த்ததும் உன் அம்மா யார் என்று கேட்கவே இல்லை. லெட்சுமியின் முகம் அப்படியே இருக்கிறது. அவளை உள்ளே கூட்டிப் போய் மடியில் உட்காரவைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை பயந்து அவளும் அழுதாள். இந்த வீட்டில் இத்தனை வருடத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான் என்று சொன்னால் உனக்கு விளங்குமா தெரியவில்லை.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. என்மேல் கோபம் வந்தால் வரட்டும். அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பாதே, நேரில் வந்து சொல். ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னால் லெட்சுமியிடம் போ. தோட்டத்தின் பெயரும் லயத்து இலக்கமும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு வாசிக்க மறந்துவிட்டதாம், எழுத்துக்கூட்டித்தான் வருகிறதாம். அதனால் கடிதம் போட்டுக்கொண்டிருக்காதே, நேரே போ.

இன்றைக்குத்தான் கமலாவுக்கு ஹட்டன் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். காலையில் நான் கொண்டுபோய் விட்டேன். நானே திரும்பி வந்துவிடுவேன், வழி பார்த்து வைத்திருக்கிறேன் என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சே அதுதான். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மழை வலுத்துவிட்டது. ஆற்றோரப் பாதை வழுக்கும். உன் அம்மா வாசலுக்கு வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். குடையை எடுத்துக்கொண்டு நான் பாலம் வரைக்கும் போகிறேன். மிச்சத்தை நீ வரும்போது கேள்.

அப்பா